வீட்டில் சொல்லாத சொல்

அத்தியாயம் பதினேழு

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஔந்த் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் கூடியவர்கள்: மேஜைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, சங்கச் செயலாளர் திருமதி ஜோக்ளேகர். அவருக்கு வலது கைப்பக்கம், ஜன்னலோரம், மூன்றாவது மாடி ரவிசந்திரன். அடுத்த நாற்காலியில் அவர் மனைவி கோதை, மடியில் துணிப்பையோடு. பிறகு ஒரு நாற்காலி அகலத்துக்கு வெற்றிடம். அதற்கு அந்தப் பக்கம் மகள் மீனு. எதிர் வரிசைகளில் மற்றக் குடித்தனக்காரர்கள் பதினான்கு பேர். கதவோரம், எல்லோருக்கும் தள்ளி, பிளாஸ்டிக் ஸ்டூலில் தீயணைப்பு வீரர் தத்தா மானே. வராதவர் மகன் முரளி. கராடியில் ஆபீஸ் வேலை, போனில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்வது ரவிசந்திரனுக்குப் பழக்கம். ராணுவ அலுவலகத்தின் டெஸ்பாட்ச் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசை மாறாமல் இன்றுவரை கடிதம் எழுதுகிறவர். தண்ணீர் வரவில்லையா, லிஃப்ட் நின்றுவிட்டதா, குடியிருப்பில் எல்லோரும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். ரவி காகா எழுதினால் பதில் வரும்.

கோதைக்கும் மீனுவுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை யாரும் திட்டமிட்டு விடவில்லை. ஆறு வருஷமாக எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு சேவு படுத்திருக்கும். சேவு போய்ப் பத்தொன்பது நாள் ஆகியும் நாற்காலி போடும் கை அந்த அகலத்தை விட்டுத்தான் போடுகிறது.

நடந்தது இவ்வளவுதான். மதியம் இரண்டு மணிக்குக் கீழ்த்தளத்து மீட்டர் அறையில் தீப்பிடித்தது. தீ மேலே வரவில்லை, புகை வந்தது. வீட்டில் ரவிசந்திரன் மட்டும் படுத்திருந்தார். பிளம்பர் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்ததால், வெளியாளைக் கண்டால் குரைக்கும் சேவை, மீனு படம் வரையும் அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். முகமூடி மாட்டிய மானே, கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் ரவிசந்திரனுக்கு நினைவு தப்பிவிட்டது. விழித்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. சேவும் போயிருந்தது.

"குத்ரா இருக்குன்னு மராத்தியில தெளிவாச் சொன்னேன். அந்த ஆளு காதுல வாங்கலை."

இந்த வாக்கியத்தைப் பத்தொன்பது நாளில் எத்தனை பேரிடம் சொன்னார் என்று அவருக்கே கணக்கில்லை. மூன்றாம் நாள் தீயணைப்புத் துறைக்கு எழுதிய புகாரிலும் இரண்டாவது பத்தி அதுதான்.

சொல்லும்போது அழுகை வரும் என்று முதலில் பயந்தார். வரவில்லை. பிறகு பயமும் வரவில்லை. நேற்றுக் காலை சூடான டம்ளரை வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கோதை பிடுங்கியபோதுதான் விரல் சிவந்திருந்தது தெரிந்தது.

திருமதி ஜோக்ளேகர் மானேயின் எழுத்துமூலமான விளக்கத்தை வாசித்தார். "உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வீட்டுக்காரர் ‘நாஹீ’ என்று தெளிவாகப் பதில் சொன்னார்."

கூட்டம் கொதித்தது. பொய், பச்சைப் பொய் என்றார்கள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த உயிரை இல்லை என்று சொல்வாரா ரவி காகா என்றார்கள். மீனு மட்டும் தன் விரல் நகத்தில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனுவுக்கு இருபத்தேழு வயது. மனிதர்களையும் அவர்களோடு வாழும் மிருகங்களையும் சேர்த்து வரைகிறவள். போட்டோவைப் பார்த்து வரையமாட்டாள். போய் இரண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருப்பாள். யார் பக்கம் யார் சாய்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் பென்சிலை எடுப்பாள். பாணேர் வழியாக ஆட்டு மந்தையோடு போகும் மேய்ப்பரும் அவருடைய குதிரையும், டீக்கடை அம்மாளும் ஒற்றைக் கண் பூனையும் என்று பதினொரு படங்கள் முடிந்திருந்தன. அடுத்த மாதம் கண்காட்சி. பன்னிரண்டாவது படத்தில் அப்பா மேஜையில் கடிதம் எழுதுகிறார், அவர் பாதத்தின் மேல் சேவு தாடையை வைத்துப் படுத்திருக்கிறது. அப்பா முடிந்திருந்தார். சேவு பென்சில் கோடாக நின்றது.

கிளப் ஹவுஸ் சுவரிலும் அவள் வரைந்த படம் ஒன்று தொங்கியது. அலங்கரித்த நந்தி மாட்டை வீடு வீடாக அழைத்துப் போகிறவரின் படம். மானே கூச்சலுக்கு நடுவில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மீசையில் நரை.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று செயலாளர் கேட்டார்.

எழுந்தார். "எழுதிக் கொடுத்ததுதான் மேடம்." போகத் திரும்பியவர் சுவரைக் காட்டினார். "இதை வரைஞ்சவங்களுக்கு மாடு தெரியும். மாடு ஆளோட முகத்தைப் பாக்காது, கையைத்தான் பாக்கும். கையைப் பாக்குற மாதிரி வரைஞ்சிருக்காங்க."

மீனுவின் தலை ஒரு விரல்கடை நிமிர்ந்து, மறுபடி குனிந்துகொண்டது.

தீர்மானம் நிறைவேறியது. மானேயைப் பணியிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாளோடு, ரவி காகா கடிதம் எழுதி, இன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை துறையின் கூட்டம். ஒரு மணிக்குக் கவுண்டர் மூடிவிடும்.

"காகா, உங்க பேனாவோட பலத்தைக் காட்டுங்க" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

ரவிசந்திரன் தலையாட்டினார். செருப்பு மாட்ட வெளியே வந்தபோது, அலமாரிக்குப் பக்கத்தில் மானே குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"காகா" என்றார் மானே நிமிராமல், மராத்தியில். "உங்க மேல கோவம் இல்லை. புகை, வயசு, மறந்துபோகும். ஆனா நான் பொய் சொல்லலை. என் காலரைப் பிடிச்சிக்கிட்டு நீங்கதான் சொன்னீங்க."

"குத்ரான்னு சொன்னேன்" என்றார் ரவிசந்திரன்.

"இல்லை காகா." மானே நிமிர்ந்து தன் சட்டைக் காலரையே ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கேலியாக இல்லை, சாட்சி சொல்கிறவர் காட்டுவது போலத்தான். தொண்டையைச் செருமினார். "இப்படி: நாய்... நாய்... நக்கீன்னு, நிச்சயமான்னு கேட்டேன். மறுபடியும் இருமிக்கிட்டே, நாய்ன்னீங்க. இல்லைன்னு சொல்ல எங்க சாத்தாரா பக்கம் நாஹீன்னு யாரும் நீட்டமாட்டாங்க காகா. நாய்தான். ஆபீஸுக்கு எழுதறப்ப நாஹீன்னு திருத்தி எழுதினேன்."

பூட்ஸ் கயிற்றில் இரண்டாவது முடிச்சைப் போட்டார். "மிருகம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா திரும்பி ஏறியிருப்பேன். ஏறியிருக்கேன் முன்னாடி." முன்கையில் நீளமாக மூன்று பழைய கீறல்கள் இருந்தன. எந்தப் பூனையோ, எந்தச் சாக்கடையோ. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ரவிசந்திரன் வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

மானேயின் வாயிலிருந்து வந்தது அவருடைய குரல். அந்த இருமல், அந்த ‘ய்’யில் முடிகிற இழுப்பு. குத்ரா என்ற சொல் அந்த மதியத்தில் எங்குமே இல்லை. பொருள் ஞாபகம் இருந்தது, அதனால் சொல்லும் இருந்ததாக மனசு எழுதிக்கொண்டுவிட்டது.

இதில் இன்னொன்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், உள்ளங்கை அகலக் குட்டியாக அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மீனு ஒரு சட்டம் போட்டாள். "இந்த வீட்டுல யாரும் அதை நாய்னு சொல்லக்கூடாது. சொன்னா என் பிரஷ் எல்லாம் கழுவணும்." சாத்தூரிலிருந்து வந்த காரச்சேவுப் பொட்டலத்தின் நிறத்திலேயே இருந்ததால் சேவு. முதல் மாதம் முழுக்க ரவிசந்திரன் பிரஷ் கழுவினார். "நாய்க்குச் சோறு வச்சாச்சா?" என்று கேட்டால் ஆறு பிரஷ். பிறகு நாக்கு படிந்துவிட்டது. அந்தச் சொல் வீட்டைவிட்டே போய்விட்டது.

போனது அன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது. வெளியாளிடம் சேவு என்றால் புரியாது, புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று அந்தப் புகையிலும் மனசு யோசித்திருக்கிறது. யோசித்து, சாத்தூர்க்காரனிடம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறது. சேவு என்று கத்தியிருந்தால், பைத்தியம் என்று நினைத்தாவது மானே உள்ளே எட்டிப் பார்த்திருப்பார்.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு மேலே போனார்.

கோதை அடுப்படியில் தோசை மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "வாசல்ல அந்த ஆளு என்ன சொன்னாரு? ரொம்ப நேரம் நின்னீக."

சொன்னார். மானே செய்தது போலவே காலரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். ஏன் காட்டினார் என்று தெரியவில்லை.

கோதை கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டாள். அது மெல்லச் சரிந்து உள்ளே முழுகியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தஞ்சு வருஷம்" என்றாள் கடைசியில். "காய்க்காரிகிட்ட நீங்க மராத்தி பேசுற லட்சணத்தச் சொன்னா மூக்குக்கு மேல கோவம் வரும் உங்களுக்கு. ஒரு வாரம் பேசமாட்டீக."

"ஆமா."

"இப்ப யாருகூட பேசாம இருக்குறது?"

கோதை கையை விட்டுக் கரண்டியை எடுத்துக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள்.

"அந்த மனுசனுக்குப் பிள்ளைக இருக்கா?"

"கேக்கலை."

"இருக்கும்." குழாயை மூடினாள். "கடுதாசி என்ன எழுதப்போறீகன்னு நான் கேக்கல. அது உங்களுக்கே தெரியும். ஆனா மீனுகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே."

மேஜையில் உட்கார்ந்தார். கோடு போட்ட தாள், கார்பன், நீல மை. கால் தானாகவே நீண்டு மேஜைக்கு அடியில் ஓர் இடத்தில் நின்றது. ஒன்றும் வந்து சாயவில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது என்று அறிவு சொன்னது, பாதம் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில்தான் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

*பொருள்: எனது புகாரைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.*

*ஒன்று. என் முந்தைய கடிதத்தின் இரண்டாம் பத்தி தவறானது. உள்ளே பிராணி இருப்பதாக நான் மராத்தியில் சொல்லவில்லை.*

*இரண்டு. நான் சொன்னது ஒரு தமிழ்ச் சொல். அதன் பொருள் குத்ரா. உங்கள் ஊழியர் காதில் அது இல்லை என்று விழுந்தது. வேறு எப்படியும் விழ வழியில்லை.*

*மூன்று. அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் அதையே சொன்னேன்.*

*நான்கு. அவர் மீது குற்றம் இல்லை. என்னைத் தூக்கி வந்தவர் அவர். அதற்கு நன்றி சொல்ல இதுவரை விட்டுப்போயிற்று.*

ஐந்து என்று எழுதிப் பேனாவை நிறுத்தினார். எழுத வேண்டியது எதுவும் மீதி இல்லை. அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். அடியில், எப்போதும் போல, நகல் பெறுவோர்: ஒன்று, திரு. தத்தா மானே. இரண்டு என்று போட்டுவிட்டுப் பேனா முனையைத் துடைத்தார். பிறகு எழுதினார்: செல்வி மீனு, இங்கேயே.

கையெழுத்துத் தாளைக் கோப்பிலேயே வைத்து மூடினார்.

மணி பன்னிரண்டே கால். மீனுவின் அறைக் கதவு திறந்திருந்தது. பதினொரு படங்களிலும் படிந்த புகைக்கரியை அவள் பிரட் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்திருந்தாள். இரண்டு வாரமாக அதுதான் வேலை. தரையில் கறுத்த ரொட்டி உருண்டைகள் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய இருந்தன. பன்னிரண்டாவதை மட்டும் தொடவில்லை. அது அன்று சுவரோரம் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவு திறக்காமல் களைத்துப்போன சேவு, கடைசியில் அதன் மேல் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டது. படம் முழுவதும் கரி. எழுதும் அப்பாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கீழே, அப்பாவின் பாதத்துக்குப் பக்கத்தில் மட்டும், வளைந்த ஒரு முதுகின் அளவுக்குக் கான்வாஸ் வெள்ளையாக இருந்தது.

"இப்படியே மாட்டப்போறேன் ப்பா" என்றாள் மீனு, திரும்பாமலே. "நான் ஃபினிஷ் பண்ணலை. அதுவே பண்ணிக்கிச்சு."

அவர் வாசலிலேயே நின்றார்.

"லெட்டர் ஆச்சா?"

"ஆச்சு."

"ஸ்ட்ராங்கா இருக்கா? உங்க ‘கைண்ட்லி’, ‘ஹம்ப்லி’ எல்லாம் வேணாம்."

"இல்லை. அதெல்லாம் இல்லை."

"குட். இதையும் உள்ள வைக்கணும்." பன்னிரண்டாவது படத்தின் போட்டோ பிரிண்ட். "அந்த ஆளு பாக்கட்டும். கை, முகம்னு பெருசா பேசினான் இல்ல. அவனுக்கு மாடு தெரியும்னா இதுவும் தெரியட்டும்."

"மீனு."

"ம்?"

"அன்னைக்கு அந்த ஆளு கேட்டப்ப... நான், நாய்..."

"ப்பா!" அவள் சட்டென்று திரும்பினாள். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அவள் குரலில் பழைய அதட்டல் இருந்தது. "சேவு. சேவுன்னு சொல்லுங்க. இப்பவும்தான்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. கையை நீட்டி, மேஜை மேல் காய்ந்து கிடந்த பிரஷ்களில் ஆறை எண்ணி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சிரிக்க முயற்சி செய்தாள் என்று தெரிந்தது.

ரவிசந்திரன் குளியலறைக்குப் போய் அவற்றைக் கழுவினார். ஒவ்வொன்றாக, மயிர் பிரித்து. தண்ணீர் முதலில் நீலமாக, பிறகு பழுப்பாக, பிறகு ஒரு நிறமும் இல்லாமல் போயிற்று. சொல்ல வந்தது எங்கே நின்றதோ அங்கேயே நின்றது.

திரும்பி வந்தபோது மீனு உறையைக் கையில் வைத்திருந்தாள். ஒட்டாத வாயைத் திறந்து, மடித்த கடிதத்துக்கு முன்னால் போட்டோவைச் செருகினாள். கடிதத்தின் ஓரம் அவள் கட்டை விரலில் பட்டது. அவள் பிரிக்கவில்லை. அப்பா எழுதியதை அவள் என்றைக்குமே சரிபார்த்ததில்லை.

"அட்ரஸ் நான் எழுதறேன். உங்க எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

அழகாக எழுதினாள். பசையைத் தடவினாள். உறையின் வாயை ஒட்டி, உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தித் தேய்த்தாள்.

"ஹெல்மெட் எடுத்துட்டு வரேன். நானே கூட்டிட்டுப் போறேன். போதும், இன்னையோட இது முடியட்டும்."

அவள் கூடத்துக்குப் போன நேரத்தில் ரவிசந்திரன் கழுவிய பிரஷ்களைக் கண்ணாடி ஜாடியில் தலைகீழாகாமல் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்த கார்பன் நகலை எடுத்து, நான்காக மடித்திருந்ததை இரண்டாகப் பிரித்து, ஜாடிக்கு அடியில் வைத்தார். மீனுவின் பெயர் இருந்த ஓரம் வெளியே தெரிந்தது.

கோதை அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"சொல்லியாச்சா?"

"வச்சிருக்கேன்."

"கேட்டது அது இல்ல" என்றாள். ஆனால் ஜாடியை நகர்த்தவில்லை.

தபால் நிலையத்தில் இவர்களுக்கு முன்னால் இரண்டே பேர். மணி பன்னிரண்டு ஐம்பது. மீனு உறையை ஜன்னலுக்குள் தள்ளினாள். கவுண்டரில் இருந்த பெண் எடை பார்த்து, பார்கோடு ஒட்டி, ரசீதை நீட்டினாள். வாங்கியது மீனு. அதை இரண்டாக மடித்து அப்பாவின் சட்டைப் பையில், கார்பன் நகல் இருந்த அதே பையில், வைத்துத் தட்டினாள். "தேங்க்ஸ் ப்பா."

அந்தப் பெண் உறையைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டாள். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே ரவிசந்திரனைக் கேட்டாள்:

"அஜூன் காஹீ ஆஹே கா, காகா?"

வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள். மீனு அவர் முகத்தைப் பார்த்தாள். மராத்தியில் இல்லை என்று சொல்ல வேண்டியதுதான்; ஒரே ஒரு சொல்.

ரவிசந்திரன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.